டேங்கில் விழுந்த மோதிரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பௌதிகம் படிச்சிட்டு முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் வாத்தியாரா இருந்தீங்க, பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். உபயோகமாகப் பேச வேண்டுமென்றால் நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் பேச வேண்டும். அதில்தான் எனக்குச் சொந்தச் சரக்கு நிறைய இருக்கிறது.

1979ஆம் வருஷம், புரட்டாசி மாதம். நாங்கள் இரண்டாம் ஆண்டு பௌதிகம். என் அறைத் தோழனுக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா முந்தின வருஷம் காலமாகிவிட்டார். இரண்டரை ஏக்கர் நிலம், அம்மா, இரண்டு தங்கைகள். அவன் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புவான். அந்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து நின்றான். வாசலில் அவன் மாமாவின் புல்லட். முகத்தில் ரத்தமே இல்லை.

விஷயம் இதுதான். சம்பா நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நாற்றுப் பறித்து முடி கட்டிப் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் நடவுக்குப் பெண்ஆட்களைச் சொல்லியாயிற்று. சாயங்காலம் கரையேறும்போது கூலி கையில் கொடுத்தாக வேண்டும். டெல்டா வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறித்த நாற்று காத்திருக்காது, நட்ட கையும் காத்திருக்காது. அம்மா, அப்பாவின் கல்யாண மோதிரத்தை எடுத்துக் கொடுத்து, தஞ்சாவூரில் அடகு வைத்துப் பணம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அரைச் சவரன். சட்டைப் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று பயந்து இவன் விரலில் போட்டுக்கொண்டு வந்தான். அப்பா விரல் தடிமன், இவன் விரல் ஈர்க்கு.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறான். தூறல். கை ஈரம். மூடியைத் திருகிக் கையை எடுத்தபோது மோதிரம் நழுவி நேராக டேங்குக்குள். "டங்குனு ஒரு சத்தம்டா, அவ்வளவுதான்" என்றான். அந்தச் சத்தத்தை அவன் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர் கூடினோம். நாலு பேரும் பௌதிகம். முதல் யோசனை என்னுடையது. பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, சணல் கயிற்றில் கட்டி டேங்குக்குள் இறக்கினோம். அது டேங்கின் தகரத்தில் போய் அப்பிக்கொண்டது! பிய்த்தெடுக்கக் கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "ஏண்டா, தங்கம் காந்தத்துல ஒட்டுமா?" காந்தவியலில் அந்த வருஷம் எனக்கு நல்ல மார்க் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அடுத்தது சைக்கிள் கம்பி. நுனியை வளைத்துத் துழாவினோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதற்குக் காரணம் டேங்கின் வடிவம். மோட்டார் சைக்கிள் டேங்க் வெளியிலிருந்து பார்க்கப் பூசணிக்காய் மாதிரி இருந்தாலும் உள்ளே கால்சட்டை மாதிரி இரண்டு கால். வண்டியின் சட்டக் குழாய் நடுவில் ஓடுவதால் டேங்கின் அடிப்பாகம் அதன்மேல் கவிழ்ந்து, இரண்டு பக்கமும் தொங்குகிறது. பெட்ரோல் குறைந்தால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசிச் சொட்டை வரவழைப்போமே, அது ஏன்? எதிர்க்காலில் தங்கிய பெட்ரோல் மேட்டைத் தாண்டி டேப் இருக்கும் பக்கம் வருவதற்காக. மோதிரமும் அப்படித்தான். மேட்டில் விழுந்து எந்தக் காலில் உருண்டது என்று தெரியாது.

பிறகு பெட்ரோலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஒரு ரப்பர் டியூபைப் போட்டு என் தோழன் வாயால் உறிஞ்சினான். ஒரு வாய் உள்ளேயும் போனது. துப்பினான், இருமினான், கண்ணில் தண்ணீர். இது எவ்வளவு ஆபத்து என்று எனக்குப் பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் இறங்குவதுதான் மோசம், கொஞ்சம் போனாலே நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள், திரும்பி வரும்போது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மூன்று லிட்டர் பெட்ரோல் ஒரு திறந்த பிளாஸ்டிக் வாளியில். வாளி ஹாஸ்டல் வராந்தாவில். இருபதடி தள்ளி மெஸ் அடுப்பு, விறகு எரிந்துகொண்டிருக்கிறது. டேங்க் காலி. "காலியாயிடுச்சு, இனிமே பயமில்ல" என்றேன். இதைச் சொன்னது நான்தான். சரியாக அந்த நேரத்தில் கரெண்ட் போனது. டேங்குக்குள் பார்க்க வெளிச்சம் வேண்டும். டார்ச்சில் கட்டை இல்லை. நான் உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து, டேங்க் வாய்க்கு மேல் குனிந்து, குச்சியைப் பெட்டியில் வைத்தேன்.

பின்னாலிருந்து என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது. தீப்பெட்டி எங்கேயோ போய் விழுந்தது. சாம்பார் வாளியோடு வந்த மெஸ் சமையல்காரர் அண்ணன். மனுஷன் வாளியைக் கீழே வைக்கவில்லை, இன்னொரு கையால் அடித்திருக்கிறார். "அறிவு கெட்டவனுங்களா! வாடை மூக்கைத் துளைக்குது, குச்சி கிழிக்கிறியா? கண்ணு ரெண்டும் போயிருக்கும்டா!" என்று கத்தினார். பெட்ரோல் வாளியை அவரே தூக்கிக்கொண்டு போய் விளையாட்டு மைதானத்தின் நடுவில் வைத்தார். அன்று ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டார். எல்லாருக்கும் பழைய சோறு. விடுதி முழுவதும் எங்களைத் திட்டியது.

அவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர். நாங்களோ பெட்ரோலின் தீப்பற்றும் நிலை சைபருக்குக் கீழே 40 டிகிரி என்று புத்தகத்தில் படித்தவர்கள். அதாவது நம் தஞ்சாவூர் வெயிலில் மட்டுமல்ல, காஷ்மீர்ப் பனியிலும் அது ஆவியாகித் தீப்பற்றத் தயாராக இருக்கும் சரக்கு. அந்த ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே போகாது. மடையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி தரையோடு தரையாகப் பள்ளம் பார்த்து ஓடும். எங்கள் வராந்தா வாட்டம் மெஸ் பக்கம்தான்.

அதைவிட முக்கியம் அந்தக் "காலி டேங்க்." பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் காற்றோடு ஒரு அளவில் கலந்திருக்க வேண்டும். நூறு பங்கில் சுமார் ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை. அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பெட்ரோல் நிறைந்த டேங்கின் உள்ளே ஆவி மிகுந்து காற்றுக்கு இடமில்லை. தீயைக் காட்டினால் வாயில் விளக்குத் திரி மாதிரி எரியும். அதுவே பெரிய ஆபத்துதான், சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோலை வடித்துவிட்டால் உள்ளே காற்று புகுகிறது. சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகிறது. கலவை சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. அப்போது அது டேங்க் அல்ல, வெடிகுண்டு. நான் எதைப் பயமில்லை என்றேனோ அதுதான் அங்கே இருந்ததிலேயே பயங்கரமான பொருள். குனிந்திருந்தது என் முகம்.

மறுநாள் விடியற்காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழவாசலில் ஒரு பட்டறைக்குப் போனோம். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். "மோதிரம் எங்க தம்பி போயிடும்? இஞ்சின்ல போயிடும்னு பயந்தீங்களா? டேப்புக்கு மேல வலை இருக்கு. மணல் போகாத இடத்துல மோதிரமா போகும்? நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு நேத்தே வந்திருக்கலாமே!"

உண்மைதான். பெட்ரோல் டேப்பின் குழாய் டேங்குக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் உச்சி வரை மட்டம் இறங்கினால் வண்டி நிற்கும், ரிசர்வுக்குத் திருப்பினால் அடித்துளை திறக்கும். இரண்டுக்கும் வலை உண்டு. திருகாணியோ மோதிரமோ சாவித் துண்டோ அதைத் தாண்டாது. வலையை அடைப்பது வேறு வகை, துணி நூல், காகிதம், பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர்த் துண்டு, துருப் பொடி. இவைதான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தும். கனமான பொருள் விழுந்தால் அவசரமே இல்லை என்பது அந்த ஒரு ராத்திரி எங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மேஸ்திரி பேட்டரி ஒயரைக் கழற்றினார். வேலையாள் பையன் காதில் செருகியிருந்த பீடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். பிறகு நாங்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நாங்கள் கொண்டுபோன பெட்ரோலில் ஒரு லிட்டரைத் தகர டப்பாவில் வாங்கி, டப்பாவை டேங்கின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே ஊற்றினார். "காலி டேங்கை நான் கையால தொடுறதில்ல. ஒட்டை அடைக்க வந்தாக்கூட தண்ணி ரொப்பிட்டுத்தான் நெருப்பு வைப்பேன்" என்றார். டப்பாவை ஏன் ஒட்டிப் பிடித்தார் என்று அவர் விளக்கவில்லை. "வாத்தியார் அப்படித்தான் செய்வார்" என்றார். பெட்ரோல் ஓடும்போது நிலை மின்சாரம் சேரும், இரண்டு இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவில் பொறி பறக்காது. பிளாஸ்டிக் வாளியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை நான் பிறகு முப்பது வருஷம் வகுப்பில் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அந்தத் தகர டப்பா கண்ணில் வரும்.

குழாயைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, டேங்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டார். இப்படியும் அப்படியும் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். சலசலவென்று பெட்ரோல், நடுவே 'கிணுங்' என்று ஒரு ஒலி. "இந்தப் பக்கம் இருக்கான்." கவிழ்த்துக் கொட்டினால் வந்துவிடுமே என்றேன். வராதாம். டேங்கின் வாய் உள்பக்கம் விளிம்பு கட்டி இறங்கியிருக்கும். கவிழ்த்தால் பெட்ரோல் கொட்டும், பொருள் விளிம்பில் முட்டிக்கொண்டு உள்ளேயே நிற்கும்.

பக்கத்து சலூனிலிருந்து ஒரு கைக்கண்ணாடி வாங்கிவரச் சொன்னார். அப்போதுதான் வெயில் ஏறியிருந்தது. பட்டறை வாசலில் பையனை நிறுத்தி, கண்ணாடியில் சூரியனைப் பிடித்து டேங்க் வாய்க்குள் இறக்கினார். நெருப்பில்லாத வெளிச்சம்! நான் எட்டிப் பார்த்தேன். தெளிந்த பெட்ரோலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு வளையம் மின்னியது. மூக்குத் தண்டில் வியர்வை. துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, நுனியை மடக்கி, டேங்கைச் சாய்த்து மோதிரத்தை வாய்க்கு நேர் கீழே உருட்டிக் கொண்டுவந்து, வளையத்துக்குள் ஈர்க்கை நுழைத்துத் தூக்கினார். சின்ன வயதில் ஓணான் பிடித்தவர் போலிருக்கிறது. நாங்கள் ஒரு ராத்திரி பட்ட பாடு அவருக்குப் பதினைந்து நிமிஷம். கூலி கேட்டோம். "நடவுக் காசுன்னு சொன்னீங்கள்ல, அறுவடைக்கு அப்பறம் வாங்க" என்றார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டி எங்கள் வண்டி இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் பம்பு பல வண்டிகளில் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கரெண்டு ஒயர் போகிறது. அதனால் டேப்பைக் கழற்றலாம், குழாயை உருவலாம் என்று யூ டியூப் பார்த்து இறங்காதீர்கள். எதையாவது போட்டுவிட்டால் சாவியை எடுத்துவிட்டுப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கவும் வேண்டாம். மோதிரமாவது ஈர்க்கில் வந்தது.

பத்து மணிக்கெல்லாம் அடகுக் கடையில் நின்றோம். கடைக்காரர் மோதிரத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். நிறுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "ஏன் தம்பி, எண்ணெய் வாடை வருது?" என்றார். என் தோழன் கொஞ்சமும் யோசிக்காமல், "வண்டியில வந்தேங்க" என்றான். பணத்தை வாங்கிக்கொண்டு அதே புல்லட்டில் பறந்தான். பன்னிரண்டு மணிக்கு வயலில் இறங்கிவிட்டான் என்று பிறகு சொன்னான். சாயங்காலம் கூலி குறையில்லாமல் கொடுத்தாயிற்று. தை பிறந்து நெல் வீட்டுக்கு வந்ததும் மோதிரம் மீண்டது. மேஸ்திரிக்கு ஒரு மரக்கால் பச்சரிசியும் வாழைத்தாரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மெஸ் அண்ணனுக்கு ஒரு வேட்டி. அதை அவர் வாங்கிக்கொண்டு, "குச்சி கிழிச்சவன் எங்கடா?" என்றுதான் கேட்டார்.

அவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், சிரிக்கிறான் பாருங்கள். விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இப்போது அந்த மோதிரம் அவனுக்கு இறுக்கம்.