எழுதியவர் பெயர்



ஆண்டு விழா மேடைகளில் ஒரு பெரும்புலவரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ உரை நிகழ்த்துவது மரபு. இன்றைய உரை ஒரு பள்ளி மாணவனைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது கலைச் சுற்றுலா சென்று திரும்பியவன். இரண்டே நாள் பயணம். அவன் பெயரும் பள்ளியின் பெயரும் ஈண்டு வேண்டா. ஆயினும் பெயர் என்பதே இவ்வுரையின் பொருள்.

பள்ளிச் சுற்றுலா எவ்வாறு நடைபெறும் என்பதை இவ்வவையினர் நன்கறிவர். விடியற்காலையில் பேருந்து புறப்படும். புளிச்சோற்றுப் பொட்டலங்கள் ஏறும். ஒரு நாளில் நான்கு ஊர்கள், ஓர் ஊருக்கு ஒரு மணி நேரம். திரும்பியதும், 'நான் சென்ற கலைச் சுற்றுலா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதவேண்டும். முன்னுரை, பயண ஏற்பாடு, கண்ட இடங்கள், பெற்ற பயன், முடிவுரை என்று உட்தலைப்புகளும் கரும்பலகையில் வந்துவிடும். உண்மையில் அக்கட்டுரை பேருந்து புறப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டு விடுகிறது. மாணவர் செய்ய வேண்டியது ஊர்ப் பெயர்களை இட்டு நிரப்புவதுதான்.

இம்மாணவனின் தந்தை பெயர்ப்பலகை எழுதுகிறவர். கடைப் பலகைகள், சுவர் விளம்பரங்கள், திருவிழாத் தட்டிகள் என்று சுற்றுவட்டார ஊர்களில் அவர் கைபடாத தெரு இல்லை என்ற காலம் ஒன்றிருந்தது. சாக்பீஸ் தூள் தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு தட்டுத் தட்டி நேர்கோடு விழச் செய்வதை அவன் சிறு வயதிலேயே கற்றிருந்தான். நூலின் மறுமுனையைப் பிடிப்பவன் பெரும்பாலும் அவனே. பிறகு பிளெக்ஸ் வந்தது. முகமும் பெயரும் வாழ்த்தும் கணினியில் அடுக்கப்பட்டு, மறுநாள் காலையில் தெருமுனையில் நின்றன. ஒரு வாரம் தூரிகை பிடித்துச் செய்யும் வேலை ஓர் இரவில் முடிந்தது. தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் செல்லத் தொடங்கினார். பள்ளிப் படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற கட்டத்தில் மாணவன் 'கூலி' என்று எழுதினான்.

அப்பள்ளியின் முன்சுவரில் இந்திய வரைபடமும் ஒரு திருக்குறளும் இருந்தன. அவற்றை எழுதியவர் அவனுடைய தந்தையே. அடியில் பெயர் இல்லை. நாள்தோறும் அச்சுவரைக் கடந்தே வகுப்புக்குச் சென்றான், ஒருவரிடமும் சொன்னதில்லை.

சுற்றுலாவின் முதல் இடம் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறைக் குன்று. குன்றின் மேல் ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில் சமண முனிவர்கள் தங்கிய 17 கற்படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் விதானத்தில்தான் அந்தத் தாமரைக் குளம் இருக்கிறது.

சிறிய மண்டபம். ஒரு நேரத்தில் சிலர்தாம் நிற்க முடியும். ஆகவே மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்பினர். ஆசிரியர் வெளியே நின்று, இக்கோயில் மகேந்திரவர்மன் காலத்தது என்று ஒரு சாரார் கருதியதையும், பாண்டியர் காலத்தது என்று பிற்கால ஆய்வாளர் கொண்டதையும் விளக்கிக்கொண்டிருந்தார். மாணவர்கள் இரண்டையும் குறித்துக்கொண்டனர். உள்ளே சென்றவர்கள் தலையை நிமிர்த்தி ஒரு முறை பார்த்துவிட்டுக் கழுத்து வலிக்க வெளியே வந்தனர்.

நம் மாணவன் பார்த்தது வேறு. விரிந்த தாமரை, கூம்பிய மொட்டு, மடங்கிய இலை, நீரில் மீனும் பறவையும், யானையும் எருமையும், பூக் கொய்யும் மனிதர். பலவிடங்களில் வண்ணம் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடங்களை ஒட்டி அவன் கண் கோட்டைத் தேடிற்று. ஒரு தாமரைத் தண்டு கீழிருந்து மேலே வளைந்து செல்கிறது. அதை எழுதியவன் இடையில் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோட்டில் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். அந்த முடிச்சு விழாமலிருக்கத் தந்தை மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையை இழுப்பதை அவன் எத்தனையோ முறை ஏணியின் அடியில் நின்று பார்த்திருக்கிறான். இங்கோ சுவருமில்லை, விதானம். தலைக்கு மேலே கையை உயர்த்தி, வண்ணம் முகத்தில் சொட்டாமல், மூச்சை அடக்கி ஒருவன் இழுத்த கோடு ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

வெளியே வந்து ஆசிரியரிடம் கேட்டான்: "ஐயா, இதை எழுதினவர் பேர் என்ன?"

ஆசிரியர் மன்னர் பெயரைச் சொன்னார். "அவர் இல்லைங்க ஐயா. எழுதினவர்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. குகையை ஒட்டிய பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று சொல்லி அவனை அழைத்துச் சென்று காட்டினார். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததைச் செய்யுள் வடிவில் கூறும் கல்வெட்டு அது. புதுக்கியவர் பெயர் இருக்கிறது; தூரிகை பிடித்தவர் பெயர் அதில் இல்லை. மாணவன் தன் குறிப்பேட்டில் இளங்கௌதமன் என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடு இட்டு, கோட்டின் கீழ் இடம் விட்டு வைத்தான்.

அன்று பிற்பகல் தஞ்சை. 1010-ஆம் ஆண்டில் இராசராசன் குடமுழுக்குச் செய்த பெரிய கோயில். விமானத்தின் உயரம் 216 அடி என்பதை அனைவரும் எழுதிக்கொண்டனர். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டனர். அப்போது மாலை நான்கு மணி. வெயில் சாய்ந்திருந்தது. மாணவர் நாற்பதின்மரும் உட்கார்ந்து எழுதிய அந்தக் குளிர்ந்த கல்தரையின்மேல் நீண்டு கிடந்தது அவ்விமானத்தின் நிழலே.

அவையோரே, இந்த ஒரு காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிழலில் அமர்ந்துகொண்டே நிழல் விழாது என்று எழுதுவது மாணவர்க்கு மட்டும் உரிய பிழையன்று. காவிரியைப் பாராமல் காவிரியைப் பாடுவதும், ஏர் பிடித்தவன் கையைத் தொடாமல் உழவனைப் பாடுவதும், முன்னோர் சொன்ன உவமையை மீண்டும் சொல்லிக் கைதட்டல் பெறுவதும் அவ்வகையைச் சார்ந்தனவே. கவியரங்குகளில் விழும் நிழல் எத்தனை, விழாது என்று பாடும் குரல் எத்தனை என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

பெரிய கோயிலில் பெயர்களுக்குக் குறைவில்லை. தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுக என ஆணையிட்ட மன்னன் அவன். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகளிர் 400 பேரின் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண் ஆகியவை திருச்சுற்றுச் சுவரில் உள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரும் கல்லில் இடம்பெற்றுள்ளது. நாவிதர், தையற்காரர், தச்சர், வண்ணார் ஆகியோர்க்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் இவற்றை எடுத்துரைத்தபோது மாணவன் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தான்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நாயக்கர் காலத்தில் எழுதிய ஓவியங்களின் அடியில் அவை மறைந்திருந்தன. மேற்படலம் உதிர்ந்த இடங்களில் அடிப்படலம் எட்டிப் பார்த்தது. வெள்ளானையில் சுந்தரரும் குதிரையில் சேரமானும் கயிலை செல்லும் காட்சியும், முப்புரம் எரித்த காட்சியும் அங்குள்ளன. அவ்வுள்சுற்றுக்குள் பொதுமக்கள் செல்ல இயலாது. மாணவர்கள் ஒளிப்படங்களையே கண்டனர்.

ஒரு படலத்தின் மேல் மற்றொரு படலம் என்பது வகுப்பில் பலர்க்கும் வியப்பாயிருந்தது. இவனுக்கு அதில் வியப்பில்லை. தந்தையும் சென்ற ஆண்டின் விளம்பரத்தின் மேல் வெள்ளையடித்துத்தான் இவ்வாண்டின் விளம்பரத்தை எழுதுவார். ஐப்பசி மழைக்குப் பிறகு பழைய சோப்பின் பெயர் புதிய சிமெண்டின் பெயரினூடே எட்டிப் பார்க்கும். சுவர் மறப்பதில்லை என்று அவர் சொல்வதுண்டு. ஆனால் இங்கும் ஓவியர் பெயர் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் விட்ட இடம் அப்படியே இருந்தது.

ஞாயிறு இரவு வீடு திரும்பினான். கண்டவற்றைத் தந்தையிடம் சொன்னான். தண்டின் கோட்டைக் காற்றில் கையால் இழுத்துக் காட்டினான். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுண்ணாம்பு காயறதுக்கு முன்னாடி எழுதினாங்களா, காஞ்ச பிறகு எழுதினாங்களாடா?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

அறிஞர் உலகம் கேட்ட கேள்வியும் அதுவே. 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவ்வோவியங்களின் சுதையையும் வண்ணத்தையும் ஆராய்ந்தபோது அவர் முன் நின்ற வினா, ஈரச் சுதையா, உலர்ந்த சுதையா என்பது. தஞ்சையின் சோழ ஓவியம் ஈரச் சுதையின் மேல் எழுதியது என்றும், சித்தன்னவாசல் ஓவியம் உலர்ந்த சுதையின் மேல் எழுதியது என்றும் ஆய்வாளர் கூறுவர். ஈரச் சுதையில் எழுதுபவன் விரைந்து எழுதவேண்டும். காய்ந்துவிட்டால் வண்ணம் பிடிக்காது, பிழைத்தால் திருத்தவும் முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அறிஞர் கேட்ட கேள்வியை, படிவத்தில் கூலி என்று எழுதப்பட்ட ஒருவர் திண்ணையில் அமர்ந்து கேட்டார். கை அறிந்த அறிவு அது.

மாணவன் கட்டுரை எழுதினான். உட்தலைப்புகள் இல்லை. 216 அடி இல்லை. ஒரு தாமரைத் தண்டைப் பற்றி ஒரு பக்கம்; நிழலைப் பற்றி நான்கு வரி; விட்ட இடத்தைப் பற்றி ஒரு பத்தி. கடைசி வரி இது: நம் பள்ளிச் சுவரில் உள்ள இந்தியப் படத்தையும் குறளையும் எழுதியவர் என் தந்தை.

ஆசிரியர் முதலில் பத்துக்கு நான்கு மதிப்பெண் இட்டார். தலைப்பை விட்டு விலகியது என்று சிவப்பு மையில் குறித்தார். அன்று மாலை பள்ளி விட்ட பின் அவர் முன்சுவரின் எதிரே நெடுநேரம் நின்றதைக் காவலாளி பார்த்தார். மறுநாள் அக்கட்டுரையை அவரே வகுப்பில் படித்தார். மதிப்பெண்ணைத் திருத்தவில்லை, நான்கு நான்காகவே இருந்தது. ஆனால் அடுத்த கோடை விடுமுறையில் சுவருக்கு வெள்ளையடித்து வரைபடத்தைப் புதிதாய் எழுதியபோது, கீழ் மூலையில் ஒரு பெயரும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தந்தை மறுத்தார். ஊரார் பெயரையெல்லாம் எழுதிய கை, தன் பெயரை எழுதக் கூசிற்று. பின்னர் விரல் உயரத்தில் எழுதினார். அன்று நூலின் மறுமுனையைப் பிடித்தவன் மாணவன்.

கவிஞர் பெருமக்களே, ஓவியத்தையும் எழுதுதல் என்றே சொன்னது பழந்தமிழ். கவி எழுதுவதும் ஓவியம் எழுதுவதும் பலகை எழுதுவதும் ஒரே வினைச்சொல்லால் வழங்கும் மொழி இது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று குறிக்கிறது. கண்ணுக்குள் தொழில் செய்பவர் என்று அச்சொல்லை விரித்துக்கொண்டால், அது கவிஞர்க்கும் பொருந்தும். முதலில் காண வேண்டும், பிறகே எழுதவேண்டும். கண்டதற்கு மாறாக எழுதுகோல் ஓடும்போது அதை நிறுத்தும் துணிவும் வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து இவ்வுரையை நிறைவு செய்வது பொருந்தும். ஆண்டுக்கு ஒரு பள்ளியின் கலைச் சுற்றுலாவில் இவ்வட்டத்துக் கவிஞர் ஒருவர் உடன் செல்லட்டும். நான்கு ஊர்கள் வேண்டா; ஓர் ஊர் போதும். ஒரு தூணின் முன்னோ ஒரு சுவரின் முன்னோ மாணவர் ஒரு மணி நேரம் அமரட்டும். கட்டியவன் யார் என்று கேட்கும் வகுப்பில், எழுதியவன் யார், செதுக்கியவன் யார் என்று ஒரு குரலேனும் எழட்டும். உடன் ஒரு கொத்தனாரையோ தச்சரையோ பலகை எழுதுபவரையோ அழைத்துச் செல்லலாம். அவர்கள் கேட்கும் கேள்விகள் பாடநூலில் இல்லை.

அம்மாணவனின் குறிப்பேட்டில் இளங்கௌதமன் பெயரின் கீழே விட்ட இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதை நிரப்ப எந்தக் கல்வெட்டும் இதுவரை உதவவில்லை. ஆயினும் பள்ளிச் சுவரின் கீழ் மூலையில் ஒரு வெற்றிடம் குறைந்தது. அவ்வளவில் அச்சுற்றுலா பயனுடையது.