தண்ணீர் ஓரத்து மாளிகை: வாங்குவது யார்? சுமப்பது யார்?

(வாராந்தர வகுப்பில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றிய உரை)



போன வாரம் வாசகசாலையில் நூற்புப் பகுதித் தோழர் ஒருவர் ஒரு கலர்ப் பக்கத்தை நம் கையில் கொடுத்தார். இங்கிலீஷ் விளம்பரம். கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான கட்டிடம். அதன் காலடியில் பச்சைத் தண்ணீர். தண்ணீரில் வெள்ளை வெளேரென்று ஒரு படகு. படகு என்றால் நம் ஊர்ப் பரிசல் அல்ல, இரண்டு மாடி வைத்த மிதக்கும் பங்களா. "தோழர், இந்த வீட்டை வாங்கினால் படகையும் சேர்த்துக் கொடுப்பானா?" என்று கேட்டார் அவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. காசு கொடுத்து என்ன வாங்குகிறோம் என்பதைத்தானே வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டும்? ஆகவே இன்றைக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

அந்தப் படத்தில் இருந்த ஊரின் பெயர் ஃபோர்ட் லாடர்டேல். அமெரிக்காவின் தெற்குக் கோடியில் ஃபுளோரிடா மாநிலம், அதன் கிழக்குக் கடற்கரையில், மயாமிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. உலகத்தின் உல்லாசப் படகுத் தலைநகரம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் ஊர். 1959 முதல் அங்கே படகுக் காட்சி நடக்கிறது. ஊருக்குள்ளே சுமார் 165 மைல் நீளத்துக்குத் தண்ணீர்ப் பாதை. நம் ஊரில் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துகிறோம். அங்கே வசதி உள்ளவன் வீட்டுப் பின்புறம் படகைக் கட்டுகிறான்.

இந்தக் கால்வாய்கள் எல்லாம் இயற்கை கொடுத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். அது அலையாத்தி மரம் அடர்ந்த சதுப்பு நிலம். கொசுவும் சேறும்தான். 1920களில் ஃபுளோரிடாவில் நிலம் வாங்கும் பைத்தியம் பிடித்தது. வடக்கே இருப்பவன் மண்ணைக் கண்ணால் பார்க்காமலேயே முன்பணம் கட்டினான். பத்திரம் ஆவதற்கு முன்னே அடுத்தவன் தலையில் கட்டினான். அந்தக் காலத்தில் சார்லஸ் ரோட்ஸ் என்ற நில வியாபாரி ஒரு யுக்தி செய்தார். சதுப்பில் வரிசையாகக் கால்வாய் தோண்டினார். தோண்டிய சேற்றை இடையிலே கொட்டி மேடாக்கினார். விரித்த கைவிரல்களைப் போல நிலம் நீட்டிக்கொண்டது. ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு பக்கமும் தண்ணீர். நேற்று வரை விலை போகாத சேறு, மறுநாள் "நீர்முகப்பு மனை" ஆயிற்று! 1926 செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று வந்து மயாமியையும் இந்த ஊரையும் புரட்டிப் போட்டது. நிலப் பைத்தியம் தெளிந்தது. ஆனால் தோண்டிய கால்வாய் அப்படியே இருந்தது. அந்த மேட்டின்மேல்தான் இன்றைய மாளிகைகள் நிற்கின்றன.

சரி, இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம்.

அங்கே தண்ணீரைப் பார்த்த புது ஆடம்பர பிளாட் என்றால் பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். நம் கணக்கில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். அதைக் கொடுத்தவனுக்கு என்ன கிடைக்கிறது? சுவர்களுக்கு நடுவிலே இருக்கிற இடம் கிடைக்கிறது. மற்றவை எல்லாம் பொது. தூண் பொது, கூரை பொது, லிப்ட் பொது, நீச்சல் குளம் பொது, காலடி மண் பொது. 1963-இல் அந்த மாநிலம் செய்த சட்டம் இதற்கு வழி வகுத்தது. எல்லா வீட்டுக்காரரும் கட்டாயமாக ஒரு சங்கத்தில் உறுப்பினர். (சங்கம் என்றதும் நம் சங்கம் என்று நினைக்காதீர்கள், இது சந்தா வசூல் செய்யும் சங்கம், கட்டாவிட்டால் வீட்டின் மீதே பிடிப்பு வைக்கும் சங்கம்.) மாதா மாதம் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும். கட்டிடத்துக்குப் பெரிய செலவு வந்துவிட்டால் தனி வரி போடுவார்கள், அதையும் கட்ட வேண்டும்.

படகு? படகு வீட்டோடு வராது. படகைக் கட்டும் துறைகூடப் பல கட்டிடங்களில் வீட்டோடு வராது! அதற்குத் தனி விலை, அல்லது தனி வாடகை. துறை கிடைத்தாலும் படகின் நீளத்துக்குக் கணக்கு, தண்ணீரின் ஆழத்துக்குக் கணக்கு. வழியிலே அசையாத பாலம் ஒன்று இருந்தால் உயரமான படகு கடலுக்கே போக முடியாது. அதனால்தான் அந்த ஊர் விளம்பரங்களில் "நிலைப்பாலம் கிடையாது" என்று பெருமையாகப் போடுகிறார்கள். தூக்குப்பாலம் இருந்தால் படகுக்காரனுக்குக் கவலை இல்லை. பாலம் இரண்டாகப் பிளந்து மேலே போகும், படகு நிதானமாகக் கடக்கும், சாலையில் பஸ்ஸும் லாரியும் வேலைக்குப் போகிறவர்களும் காத்து நிற்பார்கள்.

யார் வாங்குகிறார்கள்? பலர் கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் கொட்டி வாங்குகிறார்கள். அதுவும் தம் பெயரில் அல்ல, ஒரு கம்பெனியின் பெயரில். கம்பெனிக்குப் பின்னால் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. கள்ளப் பணம் இப்படி வீடாக மாறுகிறது என்று அமெரிக்க நிதி இலாகாவுக்கே சந்தேகம் வந்து, 2016-இல் மயாமி வட்டாரத்திலும், அடுத்தபடியாக இந்த ஊர் அடங்கிய ப்ரோவர்டு வட்டாரத்திலும், ரொக்கமாக வாங்கும் கம்பெனிகளின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆண்டில் சில வாரம் மட்டும் விளக்கு எரியும் வீடுகள் அவற்றில் உண்டு.

ஆனால் தோழர்களே, தண்ணீர் ஓரத்து பிளாட்டில் இருப்பவர் எல்லாம் கோடீசுவரர் என்று எண்ணிவிட்டால் விஷயம் விளங்காது. 1960, 70, 80களில் கட்டிய பழைய கட்டிடங்களும் அந்தக் கடற்கரை முழுவதும் இருக்கின்றன. நியூயார்க் போன்ற வடக்கு நகரங்களில் ஆயுள் முழுவதும் உழைத்த தையல் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் ஓய்வு பெற்றபின், குளிருக்குப் பயந்து, சேமித்த காசைக் கொண்டுவந்து அங்கே சின்ன வீடு வாங்கினார்கள். பென்ஷனை நம்பி இருக்கும் கிழவர்கள், கிழவிகள். இவர்களுடைய கதையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்குத் துருவைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் மெள்ள மெள்ள உள்ளே இறங்குகின்றன. கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கிறது. பருத்தால் என்ன ஆகும்? சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கிறது. பிளந்த இடம் வழியே மேலும் ஈரம், மேலும் துரு. ஆரம்பத்திலே பார்த்து அடைத்தால் சின்னச் செலவு. விட்டால் பெருஞ்செலவு. அதற்கும் விட்டால்?

மயாமிக்கு அருகே சர்ஃப்சைடு என்ற சிறு ஊர். கடலை ஒட்டி சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டிடம். 1981-இல் கட்டியது, 136 வீடுகள். நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம் தண்ணீர் வடியச் சரிவு இல்லாமல் மட்டமாகப் போடப்பட்டிருந்தது, தண்ணீர் தேங்கியது, அடியிலுள்ள காங்கிரீட் கெட்டது. 2018-இல் ஓர் என்ஜினீயர் பரிசோதித்து, பெரிய பழுது, தாமதித்தால் வேகமாகப் பரவும் என்று எழுதிக் கொடுத்தார். செலவு? தொண்ணூறு லட்சம் டாலருக்கு மேல். வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், நிர்வாகிகள் சிலர் ராஜினாமா செய்தார்கள். ஆண்டுகள் ஓடின. 2021-இல் தொகை ஒன்றரைக் கோடி டாலராக ஏறியிருந்தது. ஒரு படுக்கையறை வீட்டுக்காரருக்கே 80,000 டாலர் பங்கு வந்தது. பணம் கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1.

ஜூன் 24 அதிகாலை, ஒன்றரை மணி சுமாருக்கு, எல்லோரும் தூங்கும் வேளையில் கட்டிடத்தின் பாதி சரிந்தது. 98 பேர் மாண்டார்கள்.

மாண்டவர்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், விருந்தாளிகள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். பராகுவே நாட்டுக் கிராமத்திலிருந்து, ஒரு பணக்காரக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உடன் வந்த பணிப்பெண்ணும் இருந்தாள். அவளுக்கு அந்தக் கட்டிடத்தில் ஓர் அடி இடமும் சொந்தமில்லை. தூணைப் பழுது பார்ப்பதா வேண்டாமா என்று நடந்த எந்த ஓட்டெடுப்பிலும் அவளுக்கு ஓட்டு இல்லை.

நீச்சல் குளத் தளம் முதலில் விழுந்து, அதன்பிறகே கட்டிடம் சரிந்திருக்க வேண்டும் என்றும், கட்டும்போதே வடிவமைப்பு விதிப்படி இல்லை என்றும் அந்நாட்டுச் சர்க்காரின் ஆய்வு நிறுவனம் தன் பூர்வாங்க முடிவுகளில் சொல்லியிருக்கிறது. அதாவது கட்டும்போது விட்ட குறை 2021-இல் உயிராக வசூலிக்கப்பட்டது. 2022-இல் கோர்ட்டு மூலம் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு முடிவாயிற்று. அதே ஆண்டில் அந்த இடத்தைத் துபாய் கம்பெனி ஒன்று 12 கோடி டாலருக்கு வாங்கியது. எதற்கு? மறுபடியும் ஆடம்பர பிளாட் கட்டத்தான்!

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. பழுது பார்ப்பதற்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டு ஒத்திவைக்க ஃபுளோரிடாச் சட்டமே இடம் கொடுத்தது. பென்ஷனில் வாழும் கிழவி மாதச் சந்தாவைக் கூட்டாதே என்றுதான் ஓட்டுப் போடுவாள். புதிதாக வாங்கிச் சில ஆண்டில் விற்றுவிட்டுப் போகிறவனும் அதே ஓட்டுத்தான் போடுவான். ஒருத்திக்குக் கையில் இல்லை. மற்றவனுக்கு அக்கறை இல்லை. இரண்டு ஓட்டும் ஒரே பெட்டியில் விழுந்தன.

சாவுக்குப் பிறகு 2022 மே மாதத்தில் சட்டம் மாறியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டிடங்களை முப்பது ஆண்டில் பரிசோதிக்க வேண்டும், பழுது நிதியை ஒத்திவைக்கக் கூடாது என்றார்கள். சரியான சட்டம்தான். ஆனால் பணம் யார் தருவது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நாற்பது ஆண்டு பாக்கி ஒரே நாளில் கிழவர்களின் கதவைத் தட்டியது. அதோடு இன்ஷ்யூரன்ஸ் கட்டணமும் ஏறியது. 2022-இல் பல தனியார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின. கூக்குரல் எழுந்து 2025-இல் கெடுவைத் தள்ளிப்போட்டுச் சற்றுத் தளர்த்தினார்கள்.

கட்ட முடியாதவன் என்ன செய்வான்? விற்பான். வாங்கக் காத்திருப்பவன் யார்? மாளிகை கட்டும் கம்பெனி. அவனுக்குப் பழைய கட்டிடம் வேண்டாம், காலடி மண்தான் வேண்டும். வீட்டு உரிமைகளில் நூற்றுக்கு 80 பங்கு சம்மதித்து, எதிர்ப்பு 5 பங்கை எட்டாவிட்டால், அந்தக் கூட்டுடைமையையே கலைத்துவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனி ஒவ்வொரு வீடாக வாங்கி 80-ஐ எட்டுகிறது. நமக்குக் காட்டிய கலர்ப் படத்துக்கு மண் கிடைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

தண்ணீர் விஷயம் வேறு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கடல் பொங்கும் நாட்களில் வெயில் அடிக்கும்போதே தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கும். மழைநீர் வடிய வைத்த குழாய் வழியே கடல் திரும்பி வருகிறது. சுவர் எழுப்பித் தடுக்கலாம் என்றால் அடியில் இருப்பது துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அடிவழியாக ஊறி வருகிறது. 2023 ஏப்ரல் 12 அன்று அந்த ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 26 அங்குல மழை கொட்டி விமான நிலையமே மூடப்பட்டது. உயர்ந்த மாடிக்காரனுக்கு லிப்ட் நின்றது. தாழ்ந்த பகுதிகளில் சிறு வீடுகளில் இருந்தவர்களுக்குக் கட்டிலும் துணியும் போயின.

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இதே வட்டாரத்தில் கடற்கரைக்கு மேற்கே அவரைத் தோட்டங்கள் இருந்தன. பறித்தவர்கள் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் சொல்லப்பட்ட கறுப்பு மக்கள். அறுவடைக் காலத்தில் கறுப்புக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை மட்டும் மூடிவிடுவார்கள், பிஞ்சுக் கைகள் தோட்டத்துக்கு வரட்டும் என்று! 1940களில் வான் மைசெல் என்ற கறுப்பு டாக்டரும், கிளாரன்ஸ் வாக்கர் என்ற தலைமையாசிரியரும் எதிர்த்துப் போராடி, வழக்கு நடந்து அந்த அநியாயம் ஒழிந்தது. கடற்கரையிலும் கறுப்பு மக்கள் கால் வைக்கக் கூடாது. தூரத்தில் ஒரு கரையை 1954-இல் அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். போவதற்குச் சாலை போடவில்லை. 1961 ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, யூலா ஜான்சன் என்ற அம்மையாரும் அதே டாக்டர் மைசெலும் சிலரோடு நகரக் கடற்கரைக்குப் போய்த் தண்ணீரில் இறங்கினார்கள். கோடை முழுவதும் மறுபடி மறுபடி இறங்கினார்கள். நகராட்சி தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. 1962-இல் நீதிபதி தடை கொடுக்க மறுத்துவிட்டார். சாலை போடாத அந்தக் கரைக்கே இன்றைக்கு அவர்கள் இருவர் பெயரும் வைத்திருக்கிறது.

இரண்டாவது ஷிப்டுத் தோழர்கள் மணியைப் பார்க்கிறார்கள். ஒரு கேள்வி சீட்டில் வந்திருக்கிறது: "நம்மில் ஒருவன் எப்போதாவது பிளாட் வாங்கினால் இதில் நமக்கு என்ன?" கேட்டவர் கடன் போட்டு வாங்க நினைக்கிறார் போலிருக்கிறது, நல்லது. சமையலறைப் பளிங்கைப் பார்க்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள், கீழே வண்டி நிறுத்துமிடத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். துருக்கறையும் வெடிப்பும் அங்கேதான் முதலில் தெரியும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும், கடைசி மூன்று வருஷக் கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கலர்ப் பக்கம் மேஜை மேல் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.