இரட்டைக் கன்றும் இரவல் தோலும்

  

தீக்காயத்தின் மேல் வைத்த பிறர் தோல் இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பது இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். கங்கா மருத்துவமனையின் தோல் வங்கியை அறிந்த ஊர் இது. இறந்தவரிடம் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த மெல்லிய தோல் அங்கே புண்ணை மூடக் காத்திருக்கிறது. ஆனால் அது தற்காலிகப் போர்வை. நிலைப்பது நோயாளியின் சொந்தத் தோல்தான். உடம்பே வெந்தவர் அதற்கு எங்கே போவார்?

பிறர் தோலை உதிர்க்கும் உடம்பின் எதிர்ப்பை மருந்தால் அடக்கு என்பார்கள் என் சகாக்கள். கிருமி புகக் காத்திருக்கும் உடம்பில் அதைச் செய்வது, திருடன் வரும் இரவில் பட்டி நாயைக் கட்டிப்போடுவதுதான். அடக்குகிற வேலையையும் எதிர்ப்புச் செல்களில் ஒரு சாராரே செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது சிரித்தார்கள். சிரிக்கக் காரணமும் இருந்தது. 1970-இல் கெர்ஷன் என்ற ஆய்வாளர் முன்வைத்த 'சப்ரசர் செல்'லுக்கு, அதாவது அடக்கும் செல்லுக்கு, அடையாளமாகச் சொன்ன மூலக்கூறின் மரபணு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று எண்பதுகளில் தெரிந்தது. அடையாளம் பொய்யென்றால் ஆளும் பொய்யா?

விடை தேட மாட்டுக்கு வருவோம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. என் அப்பிச்சி அதைக் கட்டுத்தரையில் நின்றே சொல்வார். ஜான் ஹண்டர் அதை 1779-இல் எழுதினார். இரண்டு நஞ்சுக்கொடிகளின் ரத்தக்குழாய்கள் கலந்துவிடுவதால் காளையின் ஹார்மோன் கிடாரியின் கருப்பையைக் கெடுக்கிறது. ஹார்மோன் மட்டுமா கலக்கிறது? அப்படிப் பிறந்த கன்றுகள் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று காலமெல்லாம் சுமப்பதை 1945-இல் ரே ஓவன் காட்டினார்.

இதை அறியாத ஆய்வாளர் பீட்டர் மெடவார், 1948-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஒருவரிடம் வாய் கொடுத்தார். ஒரே கருவில் பிரிந்த கன்றுகளா, இரு கருவா என்று கண்டுபிடிக்கத் தோலை மாற்றி ஒட்டினால் போதும் என்றார். பிறகு உடன் ஆய்வாளர் பில்லிங்காமுடன் பண்ணைக்குப் போய் ஒட்டியும் பார்த்தார். உதிர வேண்டிய தோல் உதிரவில்லை. கிடாரி மேல் காளையின் தோல் நின்றது! கணக்குத் தப்பிய அந்த மாடுகளிலிருந்துதான் 1953-இன் எலிச் சோதனை பிறந்தது: கருவிலேயே அயல் செல்லைப் பெற்ற எலி, வளர்ந்த பின் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டது. 1960-இல் மெடவாருக்கு நோபல்.

எதிர்க்கும் செல்கள் கருவிலேயே ஒழிந்தன, அவ்வளவுதான் என்பது சகாக்களின் வாசிப்பு. அது பாதி உண்மை. மீதிப் பாதியை 1995-இல் ஆய்வாளர் சகாகுச்சி காட்டினார். எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல் இல்லாத எலிகளுக்கு, சிடி25 அடையாளமுள்ளவற்றை நீக்கிவிட்டு மற்ற டி செல்களைக் கொடுத்தார். அவை சொந்த உறுப்புகளைத் தாக்கின. அயல் தோலிடமும் கூடுதல் மூர்க்கம் காட்டின. நீக்கியதையும் சேர்த்துக் கொடுத்தால் அடங்கின. 2025-இல் பிரன்கோ, ராம்ஸ்டெல் இருவருடன் அவருக்கும் நோபல். சிரித்தவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள், வணக்கம்.

மணி அடித்துவிட்டார்கள், வேகமாகச் சொல்கிறேன். மனிதத் தோல் ஒட்டிய எலிகளில் சிடி25 அடையாளமுள்ள இந்த அடக்கும் செல்கள் தோலைக் காப்பாற்றியிருக்கின்றன. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஆய்வகத்தில் பெருக்க வாரக்கணக்காகும், தீக்காயம் அதுவரை பொறுக்காது. முன்கூட்டியே வளர்த்து உறைய வைக்கலாமா? புண் மேலேயே இடலாமா? இளைஞர்கள் பார்க்கட்டும்.

பாடம் சொன்னது மாடு என்பதால், கால்நடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காளையும் கிடாரியுமாக இரட்டை ஈன்றால், கிடாரியைச் சந்தைக்கு ஓட்டுமுன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.