நடுவில் என்ன எழுதுவது?
முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை



பத்து நிமிஷம்தான் பேசணும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, நான் செய்த ஒரு தவறையும் அதனால் கற்ற ஒரு வழியையும் மட்டும் சொல்கிறேன்.

1993-ல் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு நான் பொறுப்புப் பொறியாளர். வேலைகளை எண் போட்டு நாலு பக்கம் பட்டியல் வைத்திருந்தேன். கிணறு, மோட்டார், குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. ரயில் பாதைக்கு அடியில் குழாய் கொண்டுபோக அனுமதி வாங்குவதும் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. அந்த ஒரு வரி நின்றால் எல்லாமே நிற்கும் என்பதைப் பட்டியல் காட்டவில்லை, நானும் யோசிக்கவில்லை. விண்ணப்பத்தையே தாமதமாகத்தான் அனுப்பினேன். தொட்டி கட்டி வர்ணமும் அடித்தாயிற்று. கோடை வந்தது. ஒரு பாட்டி காலிக் குடத்தோடு வந்து கேட்டார்: "தொட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, தண்ணி எப்ப வரும்?" என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஊர் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

டோனி புசான் என்ற ஆங்கிலேயர் 1974-ல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் மூலம் பரப்பிய 'மைண்ட் மேப்', அதாவது மன வரைபடம் பற்றிப் பிறகுதான் படித்தேன். அடுத்த திட்டத்தில் செய்து பார்த்தேன்.

ஒரு சார்ட் பேப்பரை அகலவாக்கில் விரித்து, நடுவில் 'குழாயில் தண்ணீர்' என்று எழுதினேன். 'தொட்டி' என்று எழுதவில்லை, கவனியுங்கள். அதிலிருந்து நீராதாரம், நிலம், அனுமதி, மின்சாரம், கட்டுமானம், பணம், பராமரிப்பு என்று ஏழு கிளைகள். கிளைக்கு ஒரு நிறம், கோட்டுக்கு ஒரு சொல். பிறகு மேஸ்திரி, கணக்கர், பம்ப் ஆபரேட்டர் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்தேன்.

"கரண்ட் கனெக்‌ஷனுக்கு டெபாசிட் கட்டணுமே சார், பணம் ஒதுக்கியிருக்கா?" என்றார் கணக்கர். உடனே மின்சாரத்திலிருந்து பணத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. "வால்வு போச்சுன்னா மாத்து வால்வு எங்க இருக்கும்?" என்றார் ஆபரேட்டர். பராமரிப்பில் ஒரு கிளை துளிர்த்தது. கடைசியில் பார்த்தால், அதிகமான சிவப்புக் கோடுகள் அனுமதியில் வந்து சேர்ந்திருந்தன. விண்ணப்பங்கள் முதல் வாரமே போயின. கோடைக்கு முன்பே தண்ணீரும் வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. எது எதோடு சேர்ந்தது என்று இந்தப் படம் காட்டும். எது முதலில், எத்தனை நாள் என்று சொல்லாது. அதற்கு 1950களின் கடைசியில் வந்த சி.பி.எம்., பெர்ட் வலைப்படங்கள் இருக்கின்றன. நம்மில் பலர் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம்! முதலில் மன வரைபடம், அடுத்து வலைப்படம், அதன்பிறகு பட்டியல். இதுதான் என் வரிசை.

மாணவர்களே, இன்று இதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. இருந்தாலும் முதல் படத்தைக் காகிதத்தில் போடுங்கள். நாலு பேர் பேனாவை வாங்கி எழுத முடியும். நடுவில் எழுதுவதை மட்டும் யோசித்து எழுதுங்கள். அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கணும்.