அமரர் ஊர்தியில் நாற்பது கிலோமீட்டர்

போன வாரம் எபிசோட் வரலை. எங்க தாத்தா இறந்துட்டார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல குழித்தறியில உட்கார்ந்து காலமெல்லாம் பட்டு நெய்தவர். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில உயிர் போச்சு. அங்கிருந்து வாலாஜாபாத் வழியா வீடு வரைக்கும், அமரர் ஊர்தியில டிரைவர் பக்கத்து சீட்ல நான்தான். இன்னிக்கு அந்த வண்டியைப் பத்திப் பேசலாம்.

முதல்ல ஒரு தகவல். அரசு மருத்துவமனையில இறந்தவங்களை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி சேவை இருக்கு. தமிழ்நாடு அரசோட சேர்ந்து இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்துறது. நம்பர் 155377. எங்க வீட்ல யாருக்கும் இது தெரியலை, பக்கத்து பெட்காரங்கதான் சொன்னாங்க.

வண்டியை எஞ்சினியர் கண்ணால பார்த்துட்டே வந்தேன். அழாம இருக்க அது ஒரு வழி. நம்ம ஊர்ல அமரர் ஊர்தின்னு தனியா யாரும் பெருசா தயாரிக்கிறதில்லை. ஒரு வேனையோ லோடு வண்டியையோ எடுத்து, பாடி கட்டுற பட்டறையில மாத்துவாங்க. தெருவுல பார்க்குற சொர்க்க ரதம் பலதும் அடியில நம்ம குட்டி யானைதான், 2005-ல வந்த டாடா ஏஸ். நடுவுல உடலை வைக்க ஸ்டீல் தட்டு, பக்கத்துல சொந்தக்காரங்க உட்கார பெஞ்ச், கழுவிவிட வசதியா தரை. ஆம்புலன்ஸ்ல எல்லாமே படுத்திருக்கிறவருக்காக. இதுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்காகவும் யோசிக்கணும். பாட்டி பின்னாடி தாத்தா காலைப் பிடிச்சிட்டே வந்தாங்க. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் டிரைவர் அண்ணன் வண்டியை நடக்க விட்டார்.

பின்னாடி ஒரு டிப்பர் லாரி, விடாம ஹாரன்.

"அண்ணா, சைரன் போடக் கூடாதா?"

"எதுக்கு தம்பி? அவசரமெல்லாம் முடிஞ்சுபோச்சே" என்று சொல்லி, ஓரம் கட்டி லாரிக்கு வழி விட்டார்.

வீட்டுக்கு வந்தப்புறம் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 2019 திருத்தத்துல வந்த 194இ பிரிவு, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விடலைன்னா 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறைன்னு சொல்லுது. மாநில அரசு குறிப்பிடுற மத்த அவசர வண்டிகளும் உண்டு. அமரர் ஊர்தி பேரு அந்தப் பிரிவுல இல்லை. ஆபீஸுக்கு லேட்டுன்னு நானும் ஓ.எம்.ஆர்ல இப்படி ஒரு வண்டிக்குப் பின்னாடி ஹாரன் அடிச்சவன்தான்.

காந்தி ரோட்டுல முகூர்த்த நேரத்துக் கூட்டம். கல்யாணப் பட்டு எடுக்க வந்த கார் ஒண்ணு குறுக்க திரும்பி நின்னுடுச்சு. அதுல இருந்து ஒரு அம்மா இறங்கி, "டேய், பின்னாடி எடுடா, எதிர்ல வந்தா நல்ல சகுனம்டா"ன்னு மகனை விரட்டி வழி விட்டாங்க. எங்களைப் பார்த்துக் கும்பிட்டாங்க. ஜப்பான்ல இந்த வண்டியைப் பார்த்தா கட்டைவிரலை மறைச்சுக்குவாங்களாம், அப்பா அம்மாவுக்கு ஆகாதுன்னு. நம்ம நம்பிக்கை நேர் எதிர்.

மறுநாள் ஊர்வலத்துல மாலையைப் பிச்சு ரோட்டுல வீசாதீங்க, பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான்னு சொன்னேன். "இதுலயுமாடா கணக்கு?"ன்னு சித்தப்பா கத்தினார். அப்புறம் அவரே ஒரு சாக்கைக் கொண்டுவந்து எல்லாத்தையும் அதுல போட்டார்.

டிரைவர் அண்ணனை டீ குடிக்கச் சொல்லணும்னு வெளிய வந்தேன். சாவு வீட்ல சொல்லிட்டுக் கிளம்ப மாட்டாங்க இல்லையா, தெருவுல வண்டியைக் காணோம்.