ஒரே ஒரு அங்குலம்

சலவைத் தொழிலாளிகள் ஓடையில் துணி வெளுத்ததால் பெயர் வந்த சிங்கப்பூர் டோபி காட்டில் இப்போது பளபளப்பதெல்லாம் கார் ரிம்கள்தான். 16 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 17 மாட்டியிருப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. டயர்?

பழைய டயரில் 205/55 ஆர்16 என்றிருந்தால் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634. வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. அதே 205/55-ஐ 17-இல் வாங்கினால் 657! மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104-இல் ஓடும். வேகக் கேமராவிடம் சாக்குச் சொல்ல முடியுமா? ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும்.

போல்ட் துளை இடைவெளி, சுமைக் குறியீடு இரண்டையும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய சீட்டிலேயே டயர் அளவு இருக்கும்.