ஒற்றாடல்: அன்று வேந்தர்க்கு, இன்று மக்கட்கு

(அச்சங்குளத்தில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே வகுத்தார். ஒற்று அரசுக்கு ஆகாதது என்று அவர் ஒதுக்கவில்லை. நூலறிவுக்கு இணையாக அதனையும் வேந்தனின் கண்ணாகவே வைத்தார். ஆயினும் அக் கண் காட்டியதை அப்படியே நம்புக என்று அவர் சொன்னாரில்லை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராயவேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்து வந்த பின்னரே தெளியவேண்டும் என்பது அவர் வகுத்த முறை.

இன்று வேந்தர் இலர். மக்களே வேந்தர் என்று மேடைதோறும் முழங்கப்படுகின்றது. ஆனால் ஒற்றோ, வேந்தராகிய மக்களுக்காக உழைக்கவில்லை, மக்கள்மேலேயே ஏவப்படுகின்றது. அவ் வேவலை இதழாளர் சிற்சில போழ்து வெளிப்படுத்துகின்றனர், திரைப்படத்தார் படமாக்குகின்றனர், மக்கள் கைதட்டுகின்றனர். கைதட்டுமுன் எண்ணவேண்டுவது ஒன்றுண்டு. அரசின் ஒற்றை வெளிப்படுத்த வருபவரும் மக்களிடம் செய்தி கொணரும் ஓர் ஒற்றரே. எனவே, அன்று வேந்தனுக்கு வகுத்த முறை இன்று மக்களுக்கே உரியது. அரசை ஐயுறுக, அரசை ஐயுறச் சொல்பவரையும் ஆராய்க. இவ்வுரையின் பிழிவு இதுவே.

சிறகுக் குதிரையும் தமிழர் எண்களும்

2021 சூலை 18-ஆம் நாள் உலகின் பதினேழு செய்தி நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. இசுரேல் நாட்டின் என்.எசு.ஓ. குழுமம் ஆக்கிய உளவு மென்பொருள், ‘பெகாசசு’ என்னும் பெயருடையது. அது கிரேக்கப் பழங்கதையின் சிறகுக் குதிரை. அதனை அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அக் குழுமமே கூறிவந்தது. கைப்பேசிக்குரியவர் எதனையும் தொடாமலே அது உள்ளே புகவல்லது; புகுந்தபின் ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் அதன் கைக்குள். பாரிசு நகரின் இதழாளர் அமைப்பொன்றும் பன்னாட்டு மன்னிப்பு அவையும் பெற்ற ஐம்பதாயிரம் எண்களின் பட்டியலே அச் செய்தியின் அடிப்படை. இந்தியாவில் அதனை வெளியிட்டது ‘தி வயர்’ என்னும் இணைய இதழ்.

அப் பட்டியலில் தமிழ்நாட்டு எண்களும் இருந்தன. நாம் தமிழர் கட்சியின் சீமான், மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி ஆகியோர் எண்களும், பெரியார் வழி இயக்கத்தார் எண்களும் அதிற் கண்டதாக அவ்விதழ் எழுதியது. தமிழுக்காகவும் தமிழர்க்காகவும் வாய்திறப்பவர் எவராயினும் தில்லியின் கண் அவர்மேல் இருக்கும் என்பது தமிழுணர்வாளர்க்குப் புதிதன்று. வெள்ளையராட்சியில் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியை வேவு பார்த்த வழக்கம் ஆட்சி மாறியும் மாறவில்லை.

அதனாலேயே இங்கு விழிப்பு மிகுதியும் வேண்டும். ஏற்கெனவே நம்பிவிட்ட ஒன்றைப் பிறர் வந்து சொல்லும்போதுதான் மாந்தர் எளிதில் ஏமாறுகின்றனர். பட்டியலில் ஓர் எண் இருப்பது வேறு. அந்தக் கைப்பேசிக்குள் உளவு புகுந்தது வேறு. வெளியிட்ட இதழ்களே இதனைத் தெளிவாக எழுதின. ஆனால் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அவ் வேறுபாடு மறைந்தது.

வள்ளுவர் முறையை இங்குப் பொருத்திப் பார்க்க. முதற் கூற்று, இதழ்களின் பட்டியல். அது எங்கிருந்து வந்தது என்று அவை கூறவில்லை. இரண்டாவது, பன்னாட்டு மன்னிப்பு அவையின் ஆய்வகம்; அது 67 கைப்பேசிகளை ஆராய்ந்து 37-இல் தாக்குதலின் அல்லது தாக்க முயன்றதன் தடம் கண்டது. எனினும் அந்த அவை பட்டியலை வெளியிட்டோர்க்குக் கூட்டாளி. முற்றும் தனித்த சான்றாகாது. மூன்றாவது, புலனம் எனத் தமிழர் வழங்கும் வாட்சாப் நிறுவனம் தொடுத்த வழக்கு. 2019-இல் ஏறத்தாழ 1,400 பேரின் கருவிகள் தாக்கப்பட்டமைக்கு அந்த இசுரேல் குழுமமே பொறுப்பு என்று 2024 திசம்பரில் அமெரிக்க வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. வாட்சாப் தன் வணிகத்துக்காகவே வழக்காடிற்று. ஆயினும் அதன் சான்றுகள் எதிர்த்தரப்பின் முன்னிலையில் ஆராயப்பட்டவை.

உள்நாட்டில் நிகழ்ந்தது யாது? நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி நடுவண் அரசு உச்ச நயன்மன்றத்தில் நேர்விடை கூற மறுத்தது. 2021 அக்தோபர் 27-இல் அம் மன்றம் ஓய்வுபெற்ற நடுவர் இரவீந்திரன் மேற்பார்வையில் வல்லுநர் குழு அமைத்தது. அக் குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் தீய மென்பொருள் கண்டது. அது பெகாசசு தான் என்று உறுதிகூற இயலவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அக் குழு கூறியதை 2022 ஆகத்து 25-இல் தலைமை நடுவரே மன்றத்தில் அறிவித்தார்.

ஆக, தெளிந்தது எது? அக் கருவி உண்டு, அரசுகளுக்கு விற்கப்பட்டது, குற்றமற்றோர்மேலும் ஏவப்பட்டது. தெளியாதது எது? தமிழர் எண்களைப் பட்டியலிற் சேர்த்த கை எவருடையது என்பது. முன்னதை உரக்கச் சொல்க. பின்னதை அரசிடம் வினவுக. அரசின் வாய்மூடல் வினாவுக்கு வலுவூட்டுமேயன்றி, அதுவே விடையாகிவிடாது.

ஆராயாதவன் அரசுக்கு வாள் கொடுக்கின்றான்

அதே ‘தி வயர்’ இதழ் 2022 அக்தோபரில் வேறொரு செய்தி வெளியிட்டது. ஆளுங்கட்சியின் ஊடகப் பொறுப்பாளர் ஒருவருக்கு ‘மெட்டா’ நிறுவனம் தனி உரிமை வழங்கியிருந்தது என்பது அது. மின்மடல்களும் ஆவணங்களும் சான்றாகக் காட்டப்பட்டன. இரண்டு கிழமைக்குள் அச் செய்தி முழுவதையும் அவ்விதழே திரும்பப் பெற்றது. தன் பணியாளர் ஒருவர் அளித்த சான்றுகளைச் செவ்வனே சரிபார்க்கத் தவறியதை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அப் பணியாளர் பங்கேற்று எழுதப்பட்ட மற்றோர் ஆய்வுத் தொடரும் நீக்கப்பட்டது. அதன்பின் தில்லிக் காவல்துறை ஆசிரியர்களின் வீடு புகுந்து தேடிக் கைப்பேசிகளையும் கணினிகளையும் எடுத்துச் சென்றது.

இங்குக் கற்கவேண்டிய பாடம் இரண்டு. மெய்யான உளவுச் செய்தியைத் தந்த கையே பொய்ச் சான்றையும் தரக்கூடும். ஆதலின் ஆளைப் பார்த்து நம்புதல் கூடாது, சான்றைப் பார்த்தே நம்புதல் வேண்டும். இரண்டாவது, ஆராயாது எழுதும் இதழாளன் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. மெய்யாகவே உளவு பார்க்கப்பட்டோரின் முறையீட்டையும் பொய்யென்று தள்ள அரசுக்கு வாள் எடுத்துக் கொடுக்கின்றான்.

இருவகைக் கசிவு

‘கசிவு’ என்று இதழ்கள் வழங்கும் ஒரு சொல்லுக்குள் இருவேறு பொருள்கள் ஒளிந்துள்ளன. அரசின் கமுக்கம் மக்களிடம் வருவது ஒன்று. அரசு ஒட்டுக்கேட்ட மக்களின் பேச்சு, கள்ளத்தனமாக இதழுக்கு வருவது மற்றொன்று. முன்னது உளவுக்கு எதிரானது. பின்னது உளவின் விளைச்சலையே சந்தையில் விற்பது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவது மக்களை மயக்குவதாகும்.

நீரா இராடியா உரையாடல்களை நினைவு கொள்க. வருவாய் வரித்துறை 2008, 2009 ஆண்டுகளில் ஒட்டுக்கேட்டுப் பதிந்தவை ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை. 2010 நவம்பரில் ‘ஓப்பன்’, ‘அவுட்லுக்’ ஆகிய ஆங்கில இதழ்கள் வெளியிட்டவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே. அந்தச் சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்தவர் யார்? எடுத்துக் கொடுத்தவர் யார்? அவருக்கு என்ன ஆதாயம்? இவ் வினாக்களுக்கு மக்களுக்கு விடை கிடைக்கவில்லை. தில்லியின் பெயர்பெற்ற இதழாளர்களே அவ் வுரையாடல்களில் அமைச்சர் பொறுப்புப் பேரம் குறித்துப் பேசியிருந்தனர். தம்மவர் பெயர் வந்ததும் பெரிய செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் பல நாள் வாய் திறக்கவில்லை. ஊரார் பேச்சை ஒலிபரப்பியவர் தம் பேச்சு வந்தபோது தனியுரிமை பேசினர்.

தமிழ்நாட்டின் ஆ. இராசா அலைக்கற்றை வழக்கில் முன்பே குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர்போல் அன்றாடம் எழுதப்பட்டார். 2017 திசம்பர் 21-இல் தனி வழக்குமன்றம் அவரையும் ஏனையோரையும் விடுவித்தது. அதனை எதிர்த்த மேல்முறையீட்டைத் தில்லி உயர் நயன்மன்றம் 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. இறுதித் தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. வழக்குமன்றம் ஆராயுமுன் இதழ்கள் தீர்ப்பெழுதியது முறையன்று.

படமும் பரிசும்

2013 சூனில் அமெரிக்க உளவுத்துறையின் கமுக்கங்களை எட்வர்டு சுனோடன் ஆங்காங் நகரில் இதழாளர் கிளன் கிரீன்வால்டிடமும் படத்தயாரிப்பாளர் இலாரா பாய்ட்டிராசிடமும் ஒப்படைத்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகள் திரட்டப்பட்டதாக அந்த ஆவணங்கள் காட்டின. நாட்டு மக்களின் பேச்சு இவ்வாறு வாரிச்செல்லப்பட்டதைக் கேட்டும் தில்லி சினங்கொள்ளவில்லை. அதனை வெளிப்படுத்தியவர் அடைக்கலம் கேட்டபோது சூலை 2-ஆம் நாளே மறுத்தது.

பாய்ட்டிராசின் படம் 2014-இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆசுகர் பரிசு பெற்றது. 2016-இல் ஆலிவர் சுடோன் அக் கதையை நடிகரைக் கொண்டு படமாக்கினார். ஆவணங்களைக் காத்து வெளியிடவென்று, ‘ஈபே’ வணிகத்தால் பெருஞ்செல்வரான ஒருவரின் பணத்தில் ‘தி இண்டர்செப்ட்’ இதழ் 2014-இல் தொடங்கப்பட்டது. பெரும்பகுதி வெளியிடப்படாமலே இருக்க, 2019 மார்ச்சில் அவ் ஆவணப் பிரிவு செலவைக் காட்டி மூடப்பட்டது. மக்களின் சான்று ஒரு செல்வரின் கணக்கேட்டில் வரவு செலவாயிற்று.

அதே இதழுக்கு 2017-இல் ஓர் உளவு ஆவணத்தை அனுப்பியவர் இரியாலிட்டி வின்னர் என்னும் இளம்பெண். சரிபார்க்கவென்று அவ்விதழார் அதன் படியை அரசிடமே காட்டினர். தாளில் இருந்த மடிப்பைக் கொண்டு அது அச்செடுக்கப்பட்டதென்று கண்டனர். அச்செடுத்த அறுவருள் அவரைப் பிடித்தனர். செய்தி வெளிவருமுன்பே அவர் காவலில் இருந்தார். ஐந்தாண்டு மூன்று திங்கள் சிறை அவருக்குக் கிடைத்தது. பின்னர் அவர் கதையும் திரைப்படமாயிற்று.

சுனோடன் நாடிழந்தார், அப் பெண் சிறைப்பட்டார், இதழ் பெயர் பெற்றது, படம் பரிசு பெற்றது. இதழாளர் அனைவரும் தீயர் என்பதன்று இதன் பொருள். இடர் ஒருவர்க்கும் புகழ் இன்னொருவர்க்கும் போய்ச்சேரும் தொழில் அது என்பதைச் சான்று கொடுப்பவர் முன்னரே அறிந்திருக்கவேண்டும் என்பதே.

அச்சங்குளத்தைக் காணாத கண்

அமெரிக்கக் கதை அச்சங்குளத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் இவ்வூர்ப் பட்டாசுத் தொழிலகத்தில் நிகழ்ந்த வெடி நேர்ச்சியில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் கருகின. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கத் தொழிலிடம் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பது வெடித்த பின்னரே வெளியுலகில் பேசப்பட்டது. அங்கு வேலைக்குச் சென்றவர்க்கு அது கமுக்கமாக இருந்திருக்க முடியாது. ஒவ்வோர் அறையிலும் எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்னும் எல்லையைச் சுவரில் எழுதிவைப்பது விதி. உலகின் அரசுகள் ஒருவர் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்குள் நுழையக் கருவி வாங்குகின்றன. ஓர் அறைக்குள் எத்தனைபேர் அமர்ந்து மருந்து கலக்குகின்றனர் என்று எண்ணிப்பார்க்க மட்டும் அவற்றுக்குக் கண்ணில்லை!

இவ் வட்டாரத்தில் வெடி நேரும்போதெல்லாம் ஒளிப்படக் கருவிகள் வருகின்றன. கதறும் தாயின் முகத்தைப் பிடிக்கின்றன. இழப்பீட்டுத் தொகையை எழுதிக்கொண்டு போகின்றன. நாளை ஓர் உழைப்பாளி பதிவேட்டின் படியையோ உள்குத்தகைத் தாளையோ இதழாளரிடம் கொடுக்க எண்ணினால், அதுவும் ஒரு கசிவே. ஒட்டுக்கேட்பு அதன்மேலும் பாயும். அவன் பெயரைக் காப்பவர் யார்? அவன் வேலையிழந்தால் அவன் வீட்டு அடுப்பு எரிய வழி செய்பவர் யார்? படமெடுக்க வருபவரிடம் இவ் வினாவை முதலிற் கேட்க. விடை கிடைத்தபின் வாய் திறக்க.

செய்யத்தக்கது

கொணர்ந்தவர் யார், அவர் காட்டியது எவ்வளவு, மறைத்தது எவ்வளவு, அவர்க்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, அவர்க்குச் சான்று கொடுத்தவர் பின்னர் என்ன ஆனார். இவை அனைத்தையும் வினவாது எந்த உளவுச் செய்தியையும் ஏற்கற்க. வினவிய பின்னர் மெய்யென்று தெளிந்தால், அதனை விடற்க. ஐயுறுதல் வேறு, எல்லாம் பொய்யென்று புறந்தள்ளுதல் வேறு. பின்னது அரசுக்கே உதவும்.

ஒட்டுக்கேட்கும் உரிமையை 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் வெள்ளையன் எழுதிவைத்தான். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதனைத் தொடர்கின்றது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நயன்மன்றம் 2017 ஆகத்து 24-இல் தீர்த்தது. அவ்வழியில், 2011-இல் நடுவண் உள்துறை இட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நயன்மன்றம் 2025 சூலை 2-இல் நீக்கியது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது குற்றத்தைத் துப்பறிவதற்கென்றுகூட ஒட்டுக்கேட்டல் ஆகாது என்றது. திரைப்படம் இல்லை, பரிசு இல்லை, எழுத்துச் சான்றும் சட்டமுமே வென்றன.

இத் தீர்ப்புகளெல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. ஆங்கில இதழாளன் பிழிந்து தருவதைத் தமிழ் இதழாளன் மீண்டும் பிழிந்து தர, தமிழ் மக்கள் சக்கையை மெல்லுகின்றனர். தீர்ப்பையும் ஆவணத்தையும் குழு அறிக்கையையும் நேரே நல்ல தமிழில் பெயர்த்து ஊர்தோறும் படிக்கத் தருவது தமிழியக்கத்தார் கடமை. முதற்சான்றைத் தன் மொழியில் தானே படிப்பவனை அரசும் ஏமாற்ற முடியாது. அரசை எதிர்ப்பதாகச் சொல்லி வருபவனும் ஏமாற்ற முடியாது.

அச்சங்குளத்து இளைஞர்களே! ஒரு தீப்பொறியை எவ்வளவு ஆராய்ந்து கையாள்கின்றீர்களோ அவ்வளவு ஆராய்ந்து ஒரு செய்தியையும் கையாளுங்கள். இரண்டுக்கும் எரிக்கும் ஆற்றல் உண்டு.

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!